இதயத் துடிப்பும் எண் கணக்கும்: ஒரு பொறியியல் ஆசிரியரின் பணி

ஐதராபாத் நகரில் தார்நாக்காவிலிருந்து உப்பல் செல்லும் சாலையில் ஹப்சிகுடா என்ற பகுதி உள்ளது. நிஜாம் ஆட்சிக் காலத்தில் இங்கு வாழ்ந்த ஹப்சிகள், அதாவது அபிசீனிய வம்சாவளியினர், பெயரால் வழங்கும் ஊர் இது. இன்று இப்பகுதி ஆய்வுக்கூடங்களுக்குப் பெயர் பெற்று விளங்குகிறது. 1961-இல் நிறுவப்பட்ட தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையம் இங்குதான் இருக்கிறது. 1977-இல் தொடங்கப்பட்ட உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும், இந்திய இரசாயனத் தொழில்நுட்பக் கழகமும் அதே சாலையை ஒட்டியவை. 1918-இல் தோன்றிய உஸ்மானியா பல்கலைக்கழகமும் அருகிலேயே அமைந்துள்ளது.

புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தில் நில அதிர்வுகள் ஒரு கோடாகப் பதிவாகின்றன. அதே நகரின் மருத்துவமனைகளில் நோயாளியின் இதயத் துடிப்பும் ஒரு கோடாகவே பதிவாகிறது. இவ்விரண்டு கோடுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் சாதாரண மனிதருக்கு அவற்றிடையே பெரிய வேறுபாடு தோன்றாது. அவ்வாறு தோன்றுவதில் ஓர் உண்மையும் உண்டு. பூமியின் அதிர்வாயினும் உடலின் துடிப்பாயினும், தேவையற்ற இரைச்சலின் நடுவே புதைந்திருக்கும் பொருளுள்ள செய்தியைப் பிரித்தெடுப்பதே ஆராய்ச்சியாளரின் வேலை. அதற்கான கணிதமும் பெரும்பாலும் ஒன்றே. நில அதிர்வுகளின் எதிரொலிகளைப் பிரித்தறிய 1963-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஒரு கணித முறையின் வழிவந்த உத்தி, 1979-இல் பெங்களூரில் இதயத்தின் மின் அலைகளை ஆராயப் பயன்பட்டது இதற்குச் சான்று.

உடலிலிருந்து எழும் இத்தகைய அலைகளை ஆராயும் துறைக்கு உயிர் மருத்துவச் சமிக்ஞை ஆய்வு என்று பெயர். உஸ்மானியா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்து, அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பணியாற்றிய டி. சி. ரெட்டி, இத்துறையின் கோட்பாடுகளையும் முறைகளையும் விளக்கி எழுதிய பாடநூல் 2005-இல் வெளிவந்தது. ஹப்சிகுடாவில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் பொறியியல் மாணவருக்கு அது உள்ளூர் ஆசிரியர் தந்த நூல். இதே துறையில் உலகெங்கும் பயிலப்படும் மற்றொரு நூல் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாக, 2002-இல் வெளிவந்தது. அதை எழுதியவர் மைசூரில் பிறந்து, மண்டியாவிலும் பெங்களூரிலும் பயின்று, கனடாவில் பணியாற்றிய ரங்கராஜ் ரங்கையன். அவருடைய பணி வாழ்க்கையை ஒரு சான்றாகக் கொண்டு, ஒரு பொறியியல் ஆசிரியரின் உழைப்பு நோயாளியை எவ்வழியாகச் சென்றடைகிறது, அதில் அரசுக்கும் கல்லூரிகளுக்கும் உள்ள பங்கு என்ன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உடல் எழுதும் கோடு

இதயம் சுருங்குவதற்கு முன் அதன் தசைகளில் மிகச் சிறிய மின் அலை பரவுகிறது. உடலின் மேற்புறத்தில் மின்முனைகளைப் பொருத்தினால் அவ்வலையை அளக்கலாம். அதன் உச்ச அளவு ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதை நம்பகமாகப் பதிவு செய்யும் கருவியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய டச்சு அறிஞர் ஐந்தோவனுக்கு 1924-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஈ.சி.ஜி. என்று நாம் அறிந்திருப்பது இப்பதிவையே.

ஒவ்வொரு துடிப்பிலும் மூன்று பகுதிகள் தெரியும். இதயத்தின் மேலறைகள் தூண்டப்படும்போது தோன்றும் சிறிய மேடு பி அலை. கீழறைகள் தூண்டப்படும்போது கூர்மையாக எழுந்து விழுவது கியூ-ஆர்-எஸ் அலை. கீழறைகள் பழைய நிலைக்குத் திரும்பும்போது தோன்றும் அகன்ற மேடு டி அலை. கியூ-ஆர்-எஸ் அலைக்கும் டி அலைக்கும் இடைப்பட்ட எஸ்-டி பகுதி மேலே உயர்ந்து காணப்படுமாயின், இதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனி அடைபட்டிருக்கலாம் என்று மருத்துவர் ஐயுறுவார். அந்நிலையில் ஒவ்வொரு நிமிடமும் விலை மதிப்புள்ளது.

கோடு தாளில் இருக்கும்வரை அதைக் கண்ணால் மட்டுமே படிக்க முடியும். நிமிடத்துக்கு 72 முறை துடிக்கும் இதயம் ஒரு நாளில் 1,03,680 முறை துடிக்கிறது. ஒரு துடிப்புக்கு ஒரு நொடி வீதம் ஒதுக்கினாலும் ஒரு நாள் பதிவைப் படித்து முடிக்க மருத்துவருக்கு ஏறத்தாழ 29 மணி நேரம் வேண்டும். நோயாளியின் ஒரு நாள், மருத்துவரின் ஒரு நாளைவிட நீண்டதாகிவிடுகிறது! எனவே, கோட்டை நொடிக்குச் சில நூறு முறை அளந்து எண்களாக மாற்றி, கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்க வேண்டிய தேவை எழுந்தது. அவ்வாறு மாற்றியபின் எஞ்சுவது எண்களின் நீண்ட வரிசை. அவ்வரிசையில் துடிப்பு எது, இரைச்சல் எது, நோய் எது என்று கூறுவதற்கான விதிகளை வகுப்பதே பொறியாளரின் பணி.

இரைச்சல் என்னும் இடையூறு

இரைச்சல் என்பது இங்கு காதில் விழும் ஒலியைக் குறிப்பதன்று. தேவையான அலையோடு கலந்துவிடும் தேவையற்ற அலைகள் அனைத்தும் இரைச்சலே. நம் நாட்டில் மின்சாரம் நொடிக்கு 50 முறை முழுமையாக அலைவுறுகிறது. சுவரில் ஓடும் மின்கம்பியிலிருந்து அந்த 50 ஹெர்ட்ஸ் அலை நோயாளியின் உடலிலும் கருவியின் கம்பிகளிலும் தொற்றிக்கொள்கிறது. நோயாளி மூச்சு விடும்போது கோடு முழுவதும் மெல்ல ஏறி இறங்குகிறது. அவர் நடுங்கினால் தசைகளின் மின் அலைகளும் சேர்ந்துகொள்கின்றன.

இக்கட்டுரையாளர் திட்ட மதிப்பீட்டுப் பணியில் இருந்த காலத்தில் ஒரு கிராமப்புறச் சுகாதார நிலையத்தைப் பார்வையிட நேர்ந்தது. திட்ட நிதியில் வாங்கப்பட்ட ஈ.சி.ஜி. கருவி அங்கு துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தது. கருவி பழுதாகிவிட்டதா என்று கேட்டதற்கு, அங்கிருந்த இளம் மருத்துவர் ஒரு பழைய பதிவை எடுத்துக் காட்டினார். கோடு இருக்க வேண்டிய இடத்தில் ரம்பப் பற்களைப் போன்ற அடர்ந்த பட்டையே இருந்தது. கட்டிடத்தில் முறையான எர்த் இணைப்பு இல்லை. மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலை இதயத்தின் அலையை மூடிவிட்டது. "எஸ்-டி பகுதி உயர்ந்திருக்கிறதா இல்லையா என்று இதைப் பார்த்து எப்படிச் சொல்வது, ஐயா? சந்தேகம் வந்தால் நகரத்துக்கு அனுப்பிவிடுகிறோம்" என்றார் அவர். எமது அறிக்கைப் படிவத்திலோ "கருவி வழங்கப்பட்டது" என்ற பத்தியில் இலக்கு நூறு சதவீதம் எட்டப்பட்டிருந்தது. அப்பதிவு பயன்பட்டதா என்று கேட்கும் பத்தி அப்படிவத்தில் இல்லை.

இரைச்சலை நீக்குவது எளிய வேலையுமன்று. 50 ஹெர்ட்ஸ் அலையை மட்டும் தடுக்கும் வடிகட்டியை எண் கணக்காகவே அமைத்துவிடலாம். ஆனால் மூச்சினால் கோடு ஏறி இறங்குவதை நீக்க முனைந்து, மெதுவான அசைவுகள் அனைத்தையும் கண்மூடித்தனமாக வெட்டினால் எஸ்-டி பகுதியின் உயரமும் மாறிவிடக்கூடும். அழுக்கைத் துடைக்கப் போய் எழுத்தையே துடைத்தது போலாகும். எதை நீக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதை அறிய, பொறியாளருக்குக் கணிதத்தோடு உடலியலும் தெரிந்திருக்க வேண்டும். இத்துறைக்கெனத் தனிப்பட்ட ஆசிரியர்கள் தேவைப்படுவதன் காரணம் இதுவே.

பெங்களூரில் தொடக்கம்

ரங்கையன் 1955-இல் பிறந்தவர். மண்டியாவிலுள்ள பி.இ.எஸ். பொறியியல் கல்லூரியில் மின்னணுவியலும் தகவல் தொடர்பும் பயின்று 1976-இல் மைசூர்ப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். பின்னர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் ஐ. எஸ். என். மூர்த்தியுடன் ஆராய்ச்சியில் ஈடுபட்டு, 1980-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அக்காலத்து ஆய்வுக் கட்டுரைகளில் அவர் பெயர் எம். ஆர். ரங்கராஜ் என்றே அச்சாகியுள்ளது. எனவே அவர்கள் கண்ட முறை இன்றளவும் பாடநூல்களில் மூர்த்தி-ரங்கராஜ் முறை என்றே வழங்குகிறது.

1979-இல் வெளியான அம்முறை, எண்களின் வரிசையில் கியூ-ஆர்-எஸ் அலை எங்கே இருக்கிறது என்று கண்டறிவது. அதன் அடிப்படையைப் பள்ளி மாணவரும் புரிந்துகொள்ளலாம். பி, டி அலைகள் மெல்ல ஏறி மெல்ல இறங்குபவை. கியூ-ஆர்-எஸ் அலையோ செங்குத்தாக எழுவது. எனவே அடுத்தடுத்த இரு எண்களின் வித்தியாசத்தை எடுத்தால், கியூ-ஆர்-எஸ் பகுதியில் மட்டும் அது பெரிதாக இருக்கும். அவ்வித்தியாசத்தை வர்க்கப்படுத்தினால் வேறுபாடு மேலும் பெருகும். ஓரிடத்தில் வித்தியாசம் 2, மற்றோரிடத்தில் 10 என்று கொள்வோம். இவற்றின் விகிதம் 5 மடங்கு. வர்க்கப்படுத்தியபின் அவை 4, 100 ஆகின்றன. விகிதம் 25 மடங்காகிறது. ஏறுமுகம், இறங்குமுகம் என்ற பேதமும் மறைகிறது. இவ்வாறு கிடைத்த எண்களைச் சிறு கால அளவுக்குள் உரிய எடை கொடுத்துக் கூட்டி, சராசரி எடுத்துச் சமப்படுத்தினால், ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரே ஒரு மேடு எஞ்சுகிறது. மேடுகளை எண்ணினால் நாடித் துடிப்பு. இடைவெளிகளை அளந்தால் துடிப்பின் ஒழுங்கு.

இம்முறை நோயை அறியவும் அடிகோலியது. சில வேளைகளில் துடிப்பு உரிய இடத்தில் தொடங்காமல் இதயத்தின் கீழறையில் உரிய காலத்துக்கு முன்பே தொடங்கிவிடும். அத்துடிப்பின் அலை அகன்று, வடிவம் மாறிக் காணப்படும். அலையின் ஆற்றல் காலப்போக்கில் எவ்வாறு பரவியுள்ளது என்பதை எண்ணளவில் கணித்து, முறையான துடிப்பையும் முந்திய துடிப்பையும் பிரித்தறிய அவ்வாய்வு வழி கூறியது. இக்கட்டுரையின் தொடக்கத்தில் குறிப்பிட்ட, நில அதிர்வு ஆய்விலிருந்து வந்த உத்தியும் அதே 1979-இல் அக்குழுவினரால் இதய அலைகளுக்குப் பொருத்திப் பார்க்கப்பட்டது. ஒரு துறையில் பிறந்த கணிதம் மற்றொரு துறைக்குப் பயன்பட, இரு துறைகளையும் படிக்கும் மனிதர் ஒருவர் இடையில் தேவைப்படுகிறார் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

முழங்காலின் ஓசை

1981-இல் கனடா சென்ற ரங்கையன், மனிடோபா பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் பணியாற்றிய பின் 1984-இல் கால்கரி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே ஆசிரியராக இருந்தார்.

அங்கு மேற்கொண்ட தொடக்க கால ஆய்வுகளுள் ஒன்று இதய ஒலி பற்றியது. மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் "லப்-டப்" ஒலியை மைக்ரோபோன் கொண்டு பதிவு செய்யலாம். ஆயினும் முதல் ஒலி எங்கே முடிகிறது, இரண்டாம் ஒலி எங்கே தொடங்குகிறது என்பதைக் கம்ப்யூட்டர் அவ்வொலியை மட்டும் கொண்டு கூறுவது கடினம். இதற்கு ஈ.சி.ஜி.யையும் கழுத்து நாடியையும் உடன் பதிவு செய்தனர். கியூ-ஆர்-எஸ் அலை முதல் ஒலியின் இடத்தைக் காட்டியது. கழுத்து நாடியின் அலையில் தோன்றும் சிறு பள்ளம் இரண்டாம் ஒலியின் இடத்தைக் காட்டியது. ஒரு சாட்சியின் வாக்குமூலம் தெளிவாக இல்லாதபோது மற்ற சாட்சிகளையும் விசாரிப்பது போன்றதே இது.

அடுத்த நீண்டகால ஆய்வு முழங்கால் பற்றியது. மூட்டுக் குருத்தெலும்பு தேய்ந்தால், காலை மடக்கி நீட்டும்போது மூட்டில் அதிர்வு எழுகிறது. குருத்தெலும்பின் நிலையை நேரில் அறிய வேண்டுமாயின் மூட்டுக்குள் உள்நோக்குக் கருவியைச் செலுத்திப் பார்க்க வேண்டும். அது செலவும் வலியும் உடையது. முழங்கால் சில்லின் மேல் சிறிய அதிர்வு உணர்கருவி ஒன்றை ஒட்டி, நோயாளியைக் காலை நீட்டி மடக்கச் சொல்லி, அந்த அதிர்வைக் கொண்டே தேய்மானத்தை அறிய முடியுமா என்பது ஆராய்ச்சியின் கேள்வி.

இந்த ஆய்வுக்குப் பயன்பட்ட பதிவுகள் 89. அவற்றுள் 51 நலமுள்ள மூட்டுகளிலிருந்தும் 38 நோயுற்ற மூட்டுகளிலிருந்தும் பெறப்பட்டவை. 2000-இல் வெளியான ஒரு முக்கியக் கட்டுரையில், கம்ப்யூட்டர் சரியாக வகைப்படுத்தியது நூற்றுக்கு ஏறத்தாழ 69 மட்டுமே. வெற்றி என்று பறைசாற்றத் தக்க எண் அன்று இது. ஆயினும் அந்த எண்ணை மறைக்காமல் வெளியிட்டதால், அப்பதிவுகளைக் கொண்டு பிறர் புதிய முறைகளைச் சோதித்து ஒப்பிட முடிந்தது. தோல்வியையும் குறைந்த வெற்றியையும் அளவிட்டுப் பதிவு செய்வது ஆராய்ச்சியின் கடமை என்பதைத் திட்ட மதிப்பீட்டில் ஈடுபடும் அதிகாரிகளும் கருத்தில் கொள்வது நலம்.

நூலும் மாணவரும்

ஆய்வுக் கட்டுரைகளைவிட அதிகமானோரைச் சென்றடைந்தது 2002-இல் அவர் வெளியிட்ட பாடநூலே. அதற்கு முன்னர் இத்துறையில் நூல்கள் இல்லாமலில்லை. பெரும்பாலான பொறியியல் நூல்கள் கணிதத்தை முதலில் கூறி, பயனை இறுதியில் கூறும். ரங்கையனின் நூலோ இவ்வரிசையைத் தலைகீழாக்கியது. ஒவ்வொரு முறையும் ஒரு மருத்துவப் பிரச்சினையின் விளக்கத்தோடு தொடங்குகிறது. இரைச்சல் கலந்த உண்மையான பதிவு முதலில் மாணவர் கண்முன் வைக்கப்படுகிறது. அதன் பின்னரே அதைத் தீர்க்கும் கணிதம் வருகிறது. பயிற்சிக்கான பதிவுகளும் மாணவர் பயன்பாட்டுக்கு அளிக்கப்பட்டன. கேள்வி இன்னதென்று அறியாமல் விடையை மனப்பாடம் செய்யும் வழக்கமுள்ள நம் கல்லூரிகளுக்கு இம்முறையில் பாடம் உண்டு.

ஆசிரியரின் மற்றொரு விளைபொருள் மாணவர். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1993-இல் பட்டம் பெற்ற ஸ்ரீதர் கிருஷ்ணன், கால்கரி சென்று ரங்கையனிடம் முழங்கால் அதிர்வு ஆய்வில் ஈடுபட்டு 1999-இல் டாக்டர் பட்டம் பெற்றார். மேலே கூறிய 2000-ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் அவரே. பின்னர் டொரன்டோவில் பேராசிரியரானார். 2024-இல் ரங்கையனின் பாடநூல் மூன்றாம் பதிப்பாக வெளிவந்தபோது, அட்டையில் ஆசிரியர் பெயரோடு மாணவர் பெயரும் இணைந்தே இடம்பெற்றது. மூர்த்தி, ரங்கையன், கிருஷ்ணன் என மூன்று தலைமுறைகளாகத் தொடரும் இவ்வாசிரியர் மரபு பெங்களூரில் தொடங்கியது என்பது கவனிக்கத்தக்கது.

பொதுவில் வைக்கப்பட்ட பதிவுகள்

ஒரு முறை மற்றொன்றைவிடச் சிறந்தது என்று எவ்வாறு நிர்ணயிப்பது? ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள பதிவுகளைக் கொண்டே சோதித்தால் ஒப்பீடு இயலாது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் பாஸ்டனின் பெத் இஸ்ரேல் மருத்துவமனையும் இணைந்து 1980-இல் இதற்கு ஒரு தீர்வு கண்டன. 47 பேரிடமிருந்து பெற்ற, ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மணி நேரம் கொண்ட 48 பதிவுகள் நொடிக்கு 360 முறை வீதம் எண்களாக்கப்பட்டன. அவற்றிலுள்ள ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட துடிப்புகள் ஒவ்வொன்றையும் இதய வல்லுநர் இருவர் தனித்தனியே ஆராய்ந்து குறிப்பு எழுதினர். 1985-இல் வெளியான பான்-டாம்ப்கின்ஸ் முறை, இத்தொகுப்பில் 99.3 சதவீதத் துடிப்புகளைச் சரியாகக் கண்டறிந்தது. இன்று இத்தொகுப்பை எவரும் விலையின்றிப் பெறலாம்.

பொருளாதாரத்தில் பொதுப்பண்டம் என்று ஒன்றைக் கூறுவோம். ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறையாதது அது. கலங்கரை விளக்கு அதற்கு வழக்கமான உதாரணம், இத்தொகுப்பும் அத்தகையதே. ஹப்சிகுடாவில் இருக்கும் மாணவர் அதைப் பயன்படுத்துவதால் பாஸ்டனில் இருப்பவருக்கு ஒன்றும் குறைவதில்லை. எனினும் ஒன்றை மறந்துவிடலாகாது. நம் மாணவர்கள் தம் முறைகளைச் சோதிப்பது பெரும்பாலும் பாஸ்டன் மருத்துவமனைக்கு வந்தவர்களின் இதயங்களைக் கொண்டே. அப்பதிவுகளில் கலந்திருப்பது 60 ஹெர்ட்ஸ் மின்சாரம். நம் நாட்டு 50 ஹெர்ட்ஸ் அன்று. நம் கிராமச் சுகாதார நிலையத்தின் எர்த் இல்லாத சுவரும், வயலிலிருந்து நேரே வந்து படுக்கும் நோயாளியின் வியர்வையும் அத்தொகுப்பில் இல்லை.

பயன் சென்றடையும் வழி

பதிவு தெளிவாக இருந்து, அதைப் படிக்கக்கூடியவரிடம் உடனே சென்று சேர்ந்தால் விளையும் பயனுக்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 2012 முதல் 2014 வரை இம்மாநிலத்தில் நடத்தப்பட்ட ஒரு திட்டத்தில், சிறிய மருத்துவமனைகள் பெரிய இதய சிகிச்சை மையங்களோடு இணைக்கப்பட்டன. சிறிய மருத்துவமனையில் எடுக்கப்படும் ஈ.சி.ஜி. உடனுக்குடன் மையத்திலுள்ள வல்லுநருக்கு அனுப்பப்பட்டது. சிகிச்சை எங்கே, எவ்வளவு விரைவில் தொடங்க வேண்டும் என்பது அதைக் கொண்டு முடிவு செய்யப்பட்டது. எஸ்-டி பகுதி உயர்ந்த மாரடைப்பு நோயாளிகள் 2,420 பேரைப் பற்றிய முடிவுகள் 2017-இல் வெளியாயின. நோய் கண்ட ஓராண்டுக்குள் இறந்தோர், திட்டத்துக்கு முன் நூற்றுக்கு 17.6, பின் 14.2. ஆயிரம் நோயாளிகளுக்கு 34 உயிர்கள் என்பது இதன் பொருள்.

இப்பயன் முழுவதையும் சமிக்ஞை ஆய்வின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆம்புலன்ஸ், மருந்து, மருத்துவமனைகளின் ஒத்துழைப்பு, காப்பீடு ஆகிய அனைத்துக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி, படிக்கத்தக்க ஒரு கோடு. அக்கண்ணி அறுந்தால் மற்றவை இயங்கத் தொடங்குவதே இல்லை.

வரவும் செலவும்

ரங்கையனின் பணியை நம் நாட்டின் கணக்கில் எவ்வாறு எழுதுவது? ஒரு பொறியாளரை உருவாக்கப் பொதுப் பணம் செலவாகிறது. அவர் தம் பணிக்காலம் முழுவதும் வேறு நாட்டில் உழைத்தால் அது நமக்கு இழப்பு என்ற வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மறுபுறம், அவர் எழுதிய நூல் இந்திய வகுப்பறைகளுக்குத் திரும்பி வந்தது. இந்திய மாணவர்கள் அவரிடம் பயின்றனர். அறிவு நூல் வடிவில் திரும்பிவிடுகிறது. ஆனால் ஆய்வுக்கூடமும், மருத்துவமனையோடு அன்றாடம் கொள்ளும் உறவும், அங்குள்ள நோயாளிகளின் பதிவுகளும் அவ்வாறு திரும்புவதில்லை. அவை ஆசிரியர் வாழும் ஊரிலேயே தங்கிவிடுகின்றன. முழங்கால் ஆய்வு கால்கரியில் நடந்ததற்குக் காரணம், அங்குள்ள எலும்பு மருத்துவர்களும் பொறியாளர்களும் ஒரே பதிவை ஒன்றாக உட்கார்ந்து பார்த்ததே.

இதிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, காலம் பற்றியது. அணைக்கட்டு முதிர்ந்து பயன் தரப் பத்தாண்டுகள் ஆகும் என்பதை நாம் ஏற்கிறோம். ஆசிரியரிடம் செய்யும் முதலீட்டுக்கு அதைவிட நீண்ட காலம் வேண்டும். 1979-இல் எழுதப்பட்ட ஒரு விதியும் 2017-இல் வெளியான ஒரு மருத்துவ முடிவும் ஒரே பாதையில் உள்ளவை. இடைப்பட்டவை 38 ஆண்டுகள். எனவே ஆண்டுக்கு எத்தனை கட்டுரை என்பதை மட்டும் கொண்டு பொறியியல் ஆசிரியரை மதிப்பிடும் முறை போதாது. நல்ல பாடநூல், பொதுவில் வைத்த பதிவுத் தொகுப்பு, பயிற்சி பெற்ற மாணவர் ஆகியவற்றுக்கும் உரிய மதிப்பெண் வேண்டும்.

இரண்டாவது, பதிவுகள் பற்றியது. நம் அரசு மருத்துவமனைகளில் அன்றாடம் எடுக்கப்படும் ஈ.சி.ஜி.க்கள் தாளோடு மங்கிப் போகின்றன. நோயாளியின் ஒப்புதலோடும், பெயரும் அடையாளமும் நீக்கியும், 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டும், வல்லுநர் குறிப்புகளோடு அவற்றின் ஒரு பகுதியையேனும் தொகுத்து வைத்தால் அது ஒரு தேசியச் சொத்தாகும். இதற்கு ஆகும் செலவு பெரிதன்று. பொறுமையும் ஒழுங்குமே பெரிது.

மூன்றாவது, இடம் பற்றியது. பொறியியல் மாணவர் தம் செயல்முறைத் திட்டத்துக்காகப் பாஸ்டன் பதிவுகளைப் பயன்படுத்துவதில் தவறில்லை. அதோடு அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்கும் ஒருமுறை சென்று, அங்கு எடுக்கப்படும் பதிவு எவ்வாறு இருக்கிறது என்று காண்பது அவசியம். கோடு ஏன் தடித்திருக்கிறது என்று கேட்கும் மாணவர், வடிகட்டியைப் பற்றி ஒரு பருவத்தில் படிப்பதை ஒரு பிற்பகலில் உணர்வார். சில இடங்களில் கம்ப்யூட்டர் எதுவும் தேவைப்படாது; எர்த் கம்பி ஒன்றைப் பதித்தாலே போதும் என்பதையும் அவர் அங்கு அறிவார்.

துணி போர்த்திய அந்த ஈ.சி.ஜி. கருவி இக்கட்டுரையாளரின் நினைவைவிட்டு அகலவில்லை. அதற்கு ஒதுக்கிய பணம் முறையாகச் செலவிடப்பட்டது. கணக்கும் சரியாகவே இருந்தது. ஆனால் நெஞ்சு வலியோடு வந்தவருக்கு அது எதையும் சொல்லவில்லை. திட்டங்களை வகுப்பவர்கள் தம் படிவங்களில் இன்னும் ஒரு பத்தியைச் சேர்த்துக்கொள்ளலாம்: எடுக்கப்பட்ட பதிவுகளில் படிக்கத்தக்கவை எத்தனை? அந்தப் பத்தி நிரம்பத் தொடங்கும் நாளில்தான், பெங்களூரிலும் கால்கரியிலும் உஸ்மானியாவிலும் ஆசிரியர்கள் கரும்பலகையில் எழுதிய கணக்கு கிராமத்து நோயாளியின் படுக்கை வரை வந்து சேர்ந்தது என்று நாம் கூற முடியும்.